பெயரை நான் முந்திச் சொன்ன கோடை: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் கோடையில் ஏப்ரல் முதல் வாரம் தொடங்கி ஆகஸ்ட் பாதி வரை 5 பிள்ளைகளோடு ஒரு கழிமுகத்தில் பறவை பார்த்தேன். வயது 11 முதல் 16 வரை. வாரத்துக்கு இரண்டு நாள், அது போக எங்காவது அபூர்வப் பறவை தென்பட்டதாகச் செய்தி வந்தால் கிளம்பிப் போவது, இதுதான் ஏற்பாடு. அப்படி 7 முறை ஓடினோம், 3 முறைதான் பறவை கண்ணில் பட்டது. அந்த ஓட்டங்களைப் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. மே மாதம் நான் செய்த ஒரு தவறையும், ஜூலைக் கடைசியில் நடந்த ஒன்றையும் மட்டும் முழுதாக எழுதிவைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது: பெரியவர்கள் பறவையின் பெயரைச் சொன்ன நொடியில் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இளையவர்களைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போகிற யாருக்காவது இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

வலசை வந்ததெல்லாம் திரும்பிப் போகிற காலத்தில் எதைக் காட்டப்போகிறாய் என்று சிலர் கேட்டார்கள். கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பருவம் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஏப்ரல் கடைசியில் உள்ளான்கள் என்கிற சிறு கரைப்பறவைகள் குளிர்காலச் சாம்பல் நிறத்தை உதிர்த்து இனப்பெருக்க நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும், ஒரே கூட்டத்தில் ஒன்று முழுச் சிவப்பு, ஒன்று பாதி, ஒன்று இன்னும் அப்படியே சாம்பல். ஜூனில் வடக்கே போகாமல் நின்றுவிட்ட இளசுகள் இருக்கும், பல கரைப்பறவை இனங்களில் முதல் ஆண்டுப் பறவைகள் ஆர்க்டிக் வரை போவதில்லை, குளிர்காலத்தைக் கழித்த கரையிலேயே கோடையையும் கழித்துவிடும். ஜூலை பிறந்தால் பெரியவை திரும்ப ஆரம்பிக்கும். வளைமூக்கு உள்ளானில் ஆண் அடைகாப்பதில்லை, அதனால் முதலில் வந்து இறங்குபவை ஆண்கள், மார்பில் மங்கிப்போன செங்கல் நிறத்தோடு. கையேட்டுப் படத்தில் இருப்பதுபோல ஒரு பறவையும் இருக்காது. பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டுப் பறவையைப் பார்த்தே ஆக வேண்டிய காலம் இது.

தொடக்கத்தில் ஒன்று நடந்தது. குழுவில் சின்னவள், 11 வயது, எதைக் காட்டினாலும் "தெரியுது அக்கா" என்பாள், ஆனால் அவள் சொல்கிற விவரங்கள் மட்டும் எப்போதும் அரைகுறையாக இருக்கும். மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் குழல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைனாகுலரின் இரண்டு குழல்களையும் எவ்வளவு நெருக்கினாலும் அவள் கண்களின் இடைவெளிக்கு வரவில்லை. பெரும்பாலான பைனாகுலர்கள் 56 மி.மீ. அளவுக்குக் கீழே குறுகாது, சிறு பிள்ளைகளின் கண்கள் அதைவிட நெருக்கமாக இருக்கும். இரண்டு வட்டம் தெரிந்தால் அப்படித்தான் தெரியும்போல என்று அவள் நினைத்திருக்கிறாள், கேட்கக் கூச்சம். இன்னும் நெருங்கி மடங்கக்கூடிய சின்ன 6x30 ஒன்றைத் தேடிக் கொடுத்ததும் அவள் முதலில் சொன்னது, "அக்கா, எல்லாம் ஒண்ணாயிடுச்சு." பிள்ளைகளுக்குப் பறவைகளைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் முதல் நாளிலேயே ஒவ்வொரு முகத்துக்கும் குழலைச் சரிசெய்துகொடுத்து, "எத்தனை வட்டம் தெரிகிறது" என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். நான் மூன்று நாள் தாமதித்தேன்.

பெற்றோர் ஒப்புதல், எப்போதும் கூட இன்னொரு பெரியவர், கடல் ஏறி இறங்கும் ஓத அட்டவணை பார்க்காமல் சேற்றில் இறங்கக்கூடாது என்பதெல்லாம் வழக்கம்போல.

மே 6, மாலை

ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. சேற்றுத்திட்டில் மேய்ந்த உள்ளான்கள் எல்லாம் பழைய உப்பளப் பாத்தியின் வரப்பில் வந்து ஒண்டிக்கொண்டன, 200 இருக்கும், பெரும்பாலும் கொசு உள்ளான். மணி 5.40. சூரியன் தாழ்ந்து எங்கள் வலப்பக்கத்திலிருந்து அடித்தது. குழுவில் 15 வயதுப் பையன் ஒருவன், கண் கூர்மையானவன், மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அந்த ஒண்ணோட கழுத்தப் பாருங்க, ரொம்பச் செவப்பா இருக்கு."

ஸ்கோப்பில், அதாவது தொலைநோக்கியில், குனிந்தேன். முகமும் மார்பின் பக்கவாட்டும் ஆரஞ்சாக எரிந்தன. நான் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரையில் செங்கழுத்துக் கொசு உள்ளானை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன், சைபீரியாவில் கூடு கட்டி ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியப் பக்கம் போகிற பறவை, எங்கள் பக்கம் வழிதவறி வந்தால்தான் உண்டு. பத்து நொடிகூடப் பார்த்திருக்கமாட்டேன். "செங்கழுத்துதான்!" என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொருவராக ஸ்கோப்பில் பார்த்தார்கள். எல்லோரும் சிவப்பைப் பார்த்தார்கள். ஒருவரும் வேறு எதையும் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு வேறு எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் மங்கலான ஒரு போன் படத்தோடு மற்றப் பறவையாளர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன், இடம், வரப்பு எந்தப் பக்கம் என்பது வரைக்கும். கண்டுபிடித்தது அவன்தான் என்று பெருமையாக அவன் பெயரையும் போட்டேன்.

மறுநாள் காலை உயர் ஓதத்துக்கு 23 பேர் வந்தார்கள். கூட்டம் வரப்பில் ஓய்வெடுக்கிற நேரம் அது. படம் சரியாக விழவில்லை என்று இரண்டு பேர் முன்னே நகர, கூட்டம் எழுந்து சுற்றி வந்து உட்கார்ந்தது, மறுபடி யாரோ நகர, மறுபடி எழுந்தது. நான்கு முறை. ஒரு கொசு உள்ளானின் எடை 20, 30 கிராம்தான். ஆர்க்டிக்குக் கிளம்பும் முன் அது சேர்த்துவைக்கிற கொழுப்புதான் அதற்கு வழிச்செலவு, அதைத்தான் நாங்கள் அந்த வரப்பில் நின்று கரைத்துக்கொண்டிருந்தோம். நான்காம் முறை கூட்டம் திரும்பவில்லை, அக்கரைக்குப் போய்விட்டது.

பத்து மணிக்கு நல்ல படங்கள் வந்தன. தொண்டை தெளிவான வெள்ளை. மார்பின் கரும்புள்ளிகள் ஆரஞ்சு நிறத்துக்குள்ளேயே இருந்தன. இறக்கை மேல்சிறகுகளின் விளிம்பெல்லாம் செம்பழுப்பு. முழு இனப்பெருக்க நிறத்தில் இருக்கிற சாதாரணக் கொசு உள்ளான். செங்கழுத்தாக இருந்தால் சிவப்பு தொண்டையிலும் மேல்மார்பிலும் கீற்றில்லாமல் ஒரே பூச்சாக இருந்திருக்கும், புள்ளிகள் அந்தச் சிவப்புக்குக் கீழே, வெள்ளையில் விழுந்திருக்கும், இறக்கைச் சிறகுகள் முதுகோடு ஒட்டாமல் சாம்பலாகத் தெரிந்திருக்கும். கால் குட்டை, பின்னுடல் நீளம். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்திருந்தும் ஒன்றைக்கூடச் சரிபார்க்கவில்லை.

செய்தியைத் திரும்பப் பெற்று, வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி, அது நடப்பதுதான், நல்ல பறவையாளர்களும் தப்பாகச் சொல்கிறார்கள். என்னை உலுக்கியது இரண்டு விஷயம். ஒன்று, சின்னவளின் நோட்டு. நான் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவள் பைனாகுலரில் பார்த்துப் படம் போட்டிருந்தாள். பென்சிலால் உடம்பு, முகத்துக்கு ஆரஞ்சு வண்ணம், அலகுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்கு வெறும் காகிதம். பக்கத்தில் ‘இங்க வெள்ளை’ என்று எழுதி அம்புக்குறி. ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "நீங்க சொல்லிட்டீங்களே அக்கா" என்றாள்.

இரண்டாவது, அந்தப் பையன். அன்று வந்தவர்களில் யாரோ அவனிடம், "இனிமே நல்லாப் பாத்துட்டுச் சொல்லு தம்பி" என்றிருக்கிறார். அவன் எந்தப் பெயரும் சொல்லவில்லை. கழுத்து சிவப்பாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னான், அது உண்மையும்கூட. பெயர் நான் சொன்னது, பழி அவன்மேல் விழுந்தது. அடுத்த மூன்று வாரம் அவன் வரவில்லை.

எங்கே பிழைத்தேன்

வெளிச்சம் ஒரு காரணம். தாழ்ந்த சூரியன் செம்பழுப்பை இரட்டிப்பாக்கும், அலகுக்குக் கீழே நிழல் விழுந்து வெள்ளைத் தொண்டையை மறைத்துவிடும். தூரம் ஒரு காரணம். பத்து ஆண்டு ஆசை ஒரு காரணம், அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வுக்கே அர்த்தமில்லை. ஆனால் இவையெல்லாம் ஒருவர் தப்பாகப் பார்ப்பதற்கான காரணங்கள். அங்கே 6 ஜோடிக் கண்கள் இருந்தன, அதில் ஒரு ஜோடி சரியாகவும் பார்த்திருந்தது. அது வெளியே வராமல் போனதற்குக் காரணம் வரிசை. ஸ்கோப்பில் முதலில் குனிந்தது நான், முதலில் பேசியது நான். அபூர்வம் என்ற சொல்லை ஒரு பெரியவர் உரக்கச் சொன்ன பிறகு, 11 வயதுக் குழந்தை தன் நோட்டை நீட்டி, இல்லை என்று சொல்ல வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

அவசரமும் சேர்ந்துகொண்டது. பறவை பறந்துவிடுமோ, மற்றவர்கள் பார்க்காமல் போய்விடுமோ என்ற பதைப்பு. செய்தி போனால் பத்துப் பேர் வருவார்கள், வந்தவர்கள் வேறு அபூர்வங்களையும் கண்டுபிடிப்பார்கள் என்றொரு நம்பிக்கை பறவையாளர்களிடையே உண்டு, அமெரிக்காவில் அரிசோனாவின் படகோனியாவில் ஒரு சாலையோர ஓய்விடத்தின் பெயரால் அதைச் சொல்வார்கள். ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் இணையத்தளமான இபேர்டின் பதிவுகளை வைத்து இதைச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள், அப்படி ஒரு விளைவுக்குச் சான்று கிடைக்கவில்லை. எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. கூட்டத்தைக் கூட்டினால் பறவைகளுக்கும் நல்லது, அறிவுக்கும் நல்லது என்று சொல்லிக்கொண்டு அவசரப்பட வேண்டியதில்லை.

என்ன மாற்றினோம்

முதலில் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அப்பா முன்னால், நீ சொன்னது சரி, நான் சேர்த்த பெயர்தான் தப்பு, உன் பெயரைப் போட்டு அனுப்பியது அதைவிடப் பெரிய தப்பு என்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "ஜூன்ல என்னக்கா இருக்கும்?" என்று கேட்டான். எண்ணுவோம், போகாமல் நின்றுவிட்ட உள்ளான்களை எண்ணுவோம் என்றேன். வந்தான்.

ஜூன் முழுக்க அபூர்வம் எதையும் தேடவில்லை. எண்ணினோம். வெயிலுக்கு முன்னால் 40 நிமிடம், அதே நான்கு பாத்திகள். பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி, சோர்ந்த நிறத்தில் கொஞ்சம் கொசு உள்ளான்கள். இந்த எண்ணிக்கை நாட்களில்தான் புது வழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டது. தெரியாத பறவை, அல்லது ஏதோ மாதிரி இருக்கிற பறவை தென்பட்டால் எல்லோரும் உட்கார வேண்டும். பத்து நிமிடம் பேச்சில்லை. அவரவர் நோட்டில் கால், அலகு, முதுகு, தொண்டை, என்ன செய்துகொண்டிருக்கிறது, எல்லாம் எழுத வேண்டும். பிறகு வயதில் சின்னவர் முதலில் படிக்க வேண்டும், கடைசியாக நான். பெயர் எல்லோருடைய குறிப்பும் முடிந்த பிறகுதான். பறவையின் பெயரைக் கண்டுசொல்லும் மெர்லின் போன்ற செயலியைத் தடுக்கவில்லை, ஆனால் அதுவும் நோட்டுக்குப் பிறகுதான். இந்த மாதிரி உட்கார்ந்த ஒரு காலையில்தான், குட்டி உள்ளான்போலத் தெரிந்த ஒன்றுக்குப் பின்விரலே இல்லை என்பதை 13 வயதுக்காரன் கவனித்தான். சாண்டர்லிங். பின்விரல் இல்லாத உள்ளான் அது. நான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அவனே பார்த்தான், பிறகு அதற்குப் பெயர் கிடைத்தது. இப்படிக் கண்டது மறக்காது.

ஓய்வு நேரத்தில் பட்டைவால் மூக்கன் என்கிற நீண்ட அலகுள்ள கரைப்பறவையின் கதையைச் சொன்னேன். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதம்போல ஆன ஓர் இளம் மூக்கன், முதுகில் சாட்டிலைட் கருவியோடு அலாஸ்காவிலிருந்து கிளம்பி எங்கும் இறங்காமல் 11 நாளில் டாஸ்மேனியாவில் இறங்கியது, சுமார் 13,560 கி.மீ. அந்த 15 வயதுப் பையன் கேட்டான்: "அதுக்கு முன்னாடி அது அந்த வழியில போனதே இல்லியா?" இல்லை என்றேன். ரொம்ப நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செய்தி அனுப்புவதற்கும் ஒரு ஒழுங்கு வந்தது. ஒண்டும் இடத்தின், கூட்டின் இருப்பிடம் வெளியே போகாது. மற்றவை அன்று இரவு, குறிப்புகளை ஒப்பிட்ட பிறகு. பிள்ளைகளின் பெயர் செய்தியில் வராது. அவர்களே விரும்பி இபேர்டில் பதிந்தால் அது அவர்கள் பொறுப்பு.

ஜூலை 28

மூன்று நாள் பலத்த காற்று. நான்காம் நாள் காற்று விட்டது, வானம் மூடியே இருந்தது. காலை 7.10க்கு, குழுவில் பெரியவள், 16 வயது, வரப்போரம் கறுப்பாக ஏதோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை மட்டும் உயர்த்தினாள். எல்லோரும் இருந்த இடத்தில் உட்கார்ந்தோம். 30 மீட்டர் இருக்கும். ஆலா. முதுகு கறுப்பு, அடி வெள்ளை, தலையை முதுகுச் சிறகில் செருகியிருந்தது.

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நடுக்கடலில் வாழும் ஆலா ஒன்றைப் புயல் கரையில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு ஆலா வகைகளில், அது சூட்டி டெர்னா, பிரைடில்ட் டெர்னா என்பதுதான் கேள்வி. சூட்டி டெர்ன் கூட்டைவிட்டுப் பறந்த பிறகு பல ஆண்டுகள் தரையையே தொடாமல் கடல்மேலேயே இருக்கிற பறவை. நாக்கு நுனி வரை பெயர் வந்தது. நான் ஸ்கோப்பை வைத்துவிட்டு விலகி, கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் கிடைத்தது நிறம் மட்டும். சின்னவள் படித்தாள்: "முதுகு கறுப்பு. பழுப்பு இல்ல. கால் தெரியல. தூங்குது." 13 வயதுக்காரன், நெற்றி வெள்ளை என்றான், பறவை ஒரு நொடி தலை தூக்கியபோது பார்த்தானாம். பெரியவள் சூட்டி என்றாள். அப்போது அந்த 15 வயதுப் பையன் குறுக்கிட்டான். நேருக்கு நேர் பார்த்தால் இரண்டுக்குமே நெற்றி வெள்ளைதானே, பக்கவாட்டில் பார்க்காமல் எப்படிச் சொல்வது? பிரைடில்டில் அந்த வெள்ளை கண்ணைத் தாண்டி ஒரு புருவக்கோடாகப் பின்னே போகும், சூட்டியில் அகலமாக இருந்து கண்ணோடு நின்றுவிடும். பிடரியும் பார்க்க வேண்டும், பிரைடில்டில் கறுப்புத் தொப்பிக்கும் பழுப்பு முதுகுக்கும் நடுவே வெளிறிய இடைவெளி இருக்கும். இதையெல்லாம் அவன் ஜூன் மாதம் வீட்டில் உட்கார்ந்து படித்திருக்கிறான்.

காத்திருந்தோம். 35 நிமிடம். பக்கவாட்டில் போய்ப் பார்க்கலாமா என்று ஒருவன் கேட்டான், பறவை எழுந்தால் என்ன செய்வது என்று இன்னொருவள் கேட்டாள், அவனே உட்கார்ந்துவிட்டான். ஏழே முக்காலைத் தாண்டிய பிறகு அது தலையை வெளியே எடுத்தது, இடது பக்கம் திரும்பி இறக்கையைக் கோதியது, அப்புறம் வலது. மூடிய வானத்தில் நிழலே இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளை கண்ணோடு நின்றது. தொப்பியிலிருந்து முதுகு வரை இடைவெளியில்லாத ஒரே கறுப்பு. பிள்ளைகள் எல்லோருடைய நோட்டிலும் அதே படம். அதற்குப் பிறகுதான் என் குறிப்பைப் படித்தேன், அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

செய்தி அனுப்புவதா என்று பிள்ளைகளிடமே விட்டேன். பறவை களைத்துக் கிடக்கிறது, போகும் வரை வேண்டாம் என்றார்கள். காயம்பட்ட பறவைகளைப் பராமரிக்கிற ஒருவரைப் போனில் கேட்டோம், ரத்தம் இல்லை, இறக்கை தொங்கவில்லை என்றால் தொடாமல் ஓய்வெடுக்க விடுங்கள், நாய் வராமல் பாருங்கள் என்றார். இரண்டு இரண்டு பேராக வரப்பின் இரு முனையிலும் உட்கார்ந்தார்கள். 11.20க்கு அது எழுந்து நின்று, இறக்கையை விரித்து இரண்டு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, தாழப் பறந்து மணல்மேட்டைத் தாண்டிக் கடலுக்குப் போனது. அன்று இரவு செய்தி போட்டோம். தாமதமாகச் சொன்னதில் சிலருக்குக் கோபம், பார்க்கக் கிடைக்காத வருத்தம் எனக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் இன்னொரு முறை நடந்தால் இதையேதான் செய்வேன்.

இபேர்டில் அபூர்வப் பதிவு போட்டால் சரிபார்க்கிற தன்னார்வலர் விவரம் கேட்பார். பதிவைப் போட்டது அந்தப் பையன், அவனேதான் தன் பெயரில் போடுகிறேன் என்றான். ஆறு நாள் கழித்துக் கேள்வி வந்தது: பிரைடில்ட் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அவன் எழுதிய பதிலை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினான், நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

"காலை 7.10 முதல் 11.20 வரை 5 பேர் 30 மீட்டரில் பார்த்தோம். வெயில் இல்லை. நெற்றி வெள்ளை இரண்டு பக்கமும் கண்ணோடு நின்றது, பின்னால் போகவில்லை. பிடரியில் வெளிறிய இடம் இல்லை. முதலில் தலை தெரியாததால் 35 நிமிடம் பெயரை முடிவு செய்யாமல் இருந்தோம். எங்கள் குழுவில் 11 வயதுப் பெண் வரைந்த படத்தை இணைத்திருக்கிறேன், என் போட்டோவைவிட அதில் தெளிவாகத் தெரியும்."